காற்றுப்பாயும் கண்ணுறக்கமும்

உண்டியும் உடையும் உறையுளும் மக்களுக்கு இன்றியமையாதன என்பர். உறக்கத்தையும் அவற்றோடு சேர்த்து எண்ணுவார் சிலரே. ஒரு நாள் உண்ணாதிருந்தவன் மறுநாள் பசியோடேனும் தன் தொழிலைச் செய்வான். ஓரிரவு உறங்காதிருந்தவனோ மறுநாள் தன்னையே ஒரு சுமையாகச் சுமந்து திரிவான். அவ்வுறக்கத்தைத் தாங்குவது பாய். உழவன் விரித்த கோரைப்பாயாயினும் செல்வன் இட்ட பஞ்சணையாயினும் அதன் கடமை ஒன்றே: தன்மேற் கிடப்பவன் தன்னை மறக்குமாறு தான் அடங்கிக் கிடத்தல். அங்ஙனம் அடங்கிக் கிடவாது, இரவெல்லாம் வாய் திறந்து பேசும் பாய் ஒன்று இந்நாளில் மலையேறுவோர் முதுகில் ஏறி உலகெங்கும் செல்கின்றது. அதுவே காற்றுப்பாய். அதன் பேச்சினை அடக்கும் வகை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதுவும் ஓர் ஆராய்ச்சிக்குரிய பொருளோ என நகைப்பார் உளராகலாம். நகைப்பவரோடு எமக்குப் பிணக்கில்லை. ஆயினும், இச்சிற்றோசையின் பொருட்டு எங்கள் மலையேற்றக் கழகம் நல்ல தோழர் ஒருவரை இழக்கும் நிலை வந்துற்றது. பேரிடிக்கு அஞ்சிப் பிரிந்த நண்பர் இலர். சிறு முணுமுணுப்புக்கு அஞ்சிப் பிரிந்தவர் பலர். ஆகலின் சிறிது பொறுத்து இதனைப் படிக்குமாறு அன்பரை வேண்டுகின்றோம்.

காற்றுப்பாயைக் கண்டிராதவர் பொருட்டு அதன் இயல்பினை முன்னர்க் கூறுவோம். சுருட்டிய நிலையில் அது ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் அளவினது. விரித்தால் ஆள் நீளம் உடையது. மேலும் கீழும் மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் துணி. காற்றுக் கசியாதிருத்தற்கு அத்துணியின் உட்புறத்தே ஒரு பூச்சு. ஒரு மூலையில் வால்வு. வாயாலேனும், அதற்கென அமைந்த பையாலேனும் காற்றை நிரப்பினால் ஏழெட்டுச் சென்டிமீட்டர் உயரத்துக்கு அது எழுந்து நிற்கும். கல்லும் வேரும் முதுகில் உறுத்தாமற் காப்பது அதன் முதற்பயன். அதனினும் பெரிய பயன் பிறிதொன்று உண்டு.

மலைமேல் வெறுந்தரையில் உறங்குவானைக் காற்றின் குளிரினும் நிலத்தின் குளிரே மிகுதியும் வருத்தும். எத்துணைத் தடித்த போர்வையாயினும், 'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் பைப்போர்வையாயினும், உடலின் கீழே அகப்பட்ட பகுதி நசுங்கித் தன்னுள் இருந்த காற்றை இழந்துவிடுகின்றது. காற்றை இழந்த பஞ்சு வெப்பத்தைக் காப்பதில்லை. உடலின் வெப்பம் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே உடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நசுங்காத காற்றை நிறுத்திவைக்கும் கருவி ஒன்று வேண்டும். அக்கருவியே இப்பாய்.

இதன் வரலாறு சுவையுடையது. அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரத்தே போயிங் விமானத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நேர்ந்த காலத்தில் வேலை இழந்த பொறியாளர் இருவர், மலையேறும் நண்பர் ஒருவருடன் கூடி, 1972-ஆம் ஆண்டில் காஸ்கேட் டிசைன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். காற்றுப் புகாத உறைக்குள் மெத்தென்ற நுரையை அடைத்து, வால்வைத் திறந்த அளவில் தானே காற்றை உள்ளிழுத்து எழும் பாயினை அவர்கள் ஆக்கினர். தெர்மரெஸ்ட் என்பது அதன் பெயர். உள்ளே நுரை இருத்தலின் அவ்வகைப் பாய் பெரிதும் ஓசை எழுப்புவதில்லை. ஆனால் கனம் மிகுதி. நெடுந்தொலைவு நடப்பார்க்கோ ஒவ்வொரு பலமும் ஒரு பாரம். ஆகவே நுரையை அகற்றிக் காற்றினை மட்டுமே நிரப்பும் பாய்களை உலகம் விரும்பிற்று. வெறுங்காற்று உள்ளே சுழன்று வெப்பத்தை மேலிருந்து கீழே கொண்டு செல்லும் ஆகலின், அச்சுழற்சியைத் தடுக்கச் சிற்றறைகளும், உடலின் வெப்பக் கதிரை உடலுக்கே திருப்பி அனுப்ப அலுமினியம் படிந்த மெல்லிய படலமும் உள்ளே அமைத்தனர். அம்முறையில் அமைந்த நியோஏர் என்னும் பாய் 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனம் குறைந்தது, வெப்பம் நின்றது, உறக்கம் மட்டும் ஊசலாடிற்று. உருளைக்கிழங்கு வறுவல் அடைத்த பையின்மேற் படுத்தாற் போன்றது என அதனை வாங்கியவர் பலரும் கூறினர்.

பாய் வெப்பத்தை எத்துணை தடுக்கின்றது என்பதற்கு 'ஆர்' மதிப்பு என ஓர் எண் வழங்குகின்றது. எண் மிகுந்தால் காப்பு மிகும். இதனை ஒரே முறையில் அளத்தற்குரிய விதி 2018-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 2020 முதல் பெரிய நிறுவனங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டன. ஆனால் ஓசையினை அளந்து பாயின்மேற் பொறிக்கும் விதி அதனோடு சேர்த்து வகுக்கப்படவில்லை. குளிரை எண்ணால் அறியலாம். கூச்சலைப் படுத்தே அறிதல் வேண்டும்.

இனி எமக்கு நேர்ந்ததனைக் கூறுவோம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எங்கள் கழகத்தார் அறுவர் பழனிமலைச் சாரலில் ஒரு காப்பித் தோட்டத்தே, உரியவரின் இசைவு பெற்று, இரண்டு இரவுகள் தங்கினோம். கழகத்துக்கு உரிய பெரிய கூடாரம் ஒன்றே உண்டு. அறுவரும் அதனுள்ளேயே படுத்தோம். ஐவர் தடித்த நுரைப்பாயைக் கொண்டுவந்தனர். பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர் மட்டும் காற்றுப்பாய் ஒன்றை வாடகைக்குப் பெற்று வந்தார். அவர் பள்ளியிற் பயின்ற காலத்து ஒரு விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து பொருந்தியவர். ஒரே பக்கமாக அரைமணி கிடந்தாராயின் வலி எழும். புரண்டு படுத்தாலன்றி அது தணியாது. கடுந்தரையில் நுரைப்பாய் அவர்க்குப் போதாது. ஆகவே அவர்க்கு அப்பாய் இன்பத்துக்குரிய பொருளன்று; மலைக்கு வருதற்கு உரிய ஒரே வழி.

முதலிரவு விளக்கணைந்து கால்மணி ஆயிற்று. காட்டின் அமைதி எத்தகையது என்பது நகரத்தார்க்குச் சொல்லால் விளங்காது. தூரத்தே நீரோடும் ஒலியும், இடையிடையே ஓர் இரவுப்பறவையின் குரலும் அன்றி வேறொன்றும் இல்லை. அவ்வமைதியின் நடுவே 'மொறமொற' என ஓர் ஓசை எழுந்தது. அதனைத் தொடர்ந்து 'கீச்' என்றது. பின்னர்த் 'தொம்' என அடங்கிற்று. நண்பர் ஒருமுறை புரண்டார். அவ்வளவே. உலக நலவாழ்வு நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், நல்லுறக்கத்துக்குப் படுக்கையறையின் தொடரோசை 30 டெசிபெல்லுக்கும், இடையே எழும் தனியோசை 45 டெசிபெல்லுக்கும் மிகுதல் ஆகாதென வரையறுத்துள்ளது. தொடர்ந்து ஒலிக்கும் அருவியின் அருகே உறங்குவான் உண்டு; எப்பொழுது எழும் என அறியப்படாத சிற்றோசையோ உறங்கத் தொடங்குவானை மீண்டும் மீண்டும் கரைக்கு இழுத்துப் போடும்.

மூன்றாம் முறை ஓசை எழுந்தபொழுது மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, சற்று அசையாமற் படுக்கலாகாதா?" என்றார். கடுமையாகக் கூறினாரல்லர், பகலெல்லாம் சுமை தூக்கிய களைப்பு அங்ஙனம் பேசிற்று. "பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்றார் நண்பர். அதன்பின் அவர் புரளும்போதெல்லாம் மிக மெல்ல, விரல் விரலாக, மூச்சையும் அடக்கிப் புரண்டார். ஓசையோ குறைந்ததன்று, நீண்டது. ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டுவது அரை நிமிடம் தொடர்ந்தது. வேறொரு மூலையில் ஒருவர் பெருமூச்செறிந்தார்.

இரவு இரண்டு மணியளவில் நண்பர் எழுந்து, பாயைத் தோளிலிட்டுக்கொண்டு வெளியே சென்றார். யாம் பின்சென்று, "எங்கே போகிறாய்?" என வினவினோம். "மரத்தடியில் நல்ல காற்று வருகிறது, அங்கே படுத்துக்கொள்கிறேன்" என்றார். வெப்பமானி 11 பாகை காட்டிற்று. காட்டுமாடு வந்து செல்லும் வழி அது என்று தோட்டத்தார் மாலையிலேயே எச்சரித்திருந்தனர். யாம் அவரைத் தனியே விடாது, சமைத்த அடுப்பின் கனலைக் கிளறி, விடியுமளவும் அவரோடு அமர்ந்திருந்தோம். அவர் தம் வீட்டைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசினார். பாயைப் பற்றி ஒரு சொல்லும் பேசினாரல்லர். மறுநாள் இரவும் அவர் கூடாரத்துள் வரவில்லை. தோட்டக் காவலர் குடிலின் திண்ணையிற் படுத்தார்.

கல்லூரிக்கு மீண்டபின், 2025 பிப்ரவரியில் மீண்டும் மலைக்குச் செல்வதாக அறிவிப்பு எழுந்தது. பெயர் கொடுத்தோர் வரிசையில் அந்நண்பர் பெயர் இல்லை. வினவியபொழுது, "தேர்வுக்குப் படிக்க வேண்டும்" என்றார். தேர்வு அனைவர்க்கும் உண்டு. உண்மையை அறிந்த சிலர் கழகக் கூட்டத்தில் ஒரு வழி கூறினர்: அவர்க்கெனத் தனியே சிறு கூடாரம் ஒன்று வாங்கி முப்பதடிக்கு அப்பால் அடித்துக் கொடுத்துவிடலாம் என்பது அவ்வழி. கூறியவர் நல்லெண்ணத்தோடே கூறினர். யாம் அதற்கு இசைந்திலோம். தனிக்கூடாரம் கொடுப்பார்க்கு உபசாரமாகத் தோன்றும். பெறுவார்க்கோ அது விலக்கு. தனி இலையும் தனிக்குவளையும் எத்துணை நயமான சொற்களோடு தொடங்கின என்பதனை நம் நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓசையை அகற்றுதற்கு வழி தேடாது ஆளை அகற்றுதற்கு வழி தேடுவது எளிது. எளிது என்பது ஒன்றே அதற்குள்ள சிறப்பு. "ஒரு வாரம் தவணை கொடுங்கள், பாயைக் கேட்டுப் பார்க்கிறோம்" என்றோம். அவையினர் நகைத்து இசைந்தனர்.

விடுதியில் எம் அறைக்கு அடுத்த அறையில் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் இருக்கின்றார். அதே வகைப் பாயை மீண்டும் வாடகைக்குப் பெற்று, இரவு பதினொரு மணிக்குமேல் விடுதி அடங்கியபின், சிமெண்டுத் தரையில் விரித்து இருவரும் செவிகொடுத்துக் கேட்டோம். ஒருவர் மேலே புரள, மற்றவர் விளக்கை அணைத்துக்கொண்டு கேட்பது. பின்னர் இடம் மாறுவது. மூன்று இரவுகள் இங்ஙனம் கழிந்தன. ஒன்றென யாம் கருதிய ஓசை மூன்று வேறு குரல்களாக நின்றது.

முதற்குரல் 'மொறமொற' என்பது. மேலே துணி ஒன்றும் இன்றிக் கையால் அழுத்தினும் அது எழுந்தது. ஆகவே அது பாயின் உள்ளிருந்து வருவது. அலுமினியப் படலம் மடிந்து நிமிர்தலால் உண்டாவது. இதனைப் பற்றிப் பௌதிக நண்பர் வியப்பான செய்தி ஒன்று கூறினார். எரிக் கிராமர், அலெக்சாண்டர் லோப்கோவ்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கசங்கும் படலத்தின் ஓசையை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கசங்கும் ஓசை தொடர்ந்த ஓசையன்று. படலத்தின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிலையினின்று மறுநிலைக்குத் திடீரெனத் தாவுகையில் எழும் தனித்தனிச் சொடுக்குகளின் கூட்டமே அது. இனிப்புப் பொட்டலத்தை அரங்கில் மெல்லப் பிரித்தால் ஓசை குறையுமோ என்பதனையும் அவர்கள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் விடை கூறினர். குறையாது, சொடுக்குகளின் வலிமை மாறுவதில்லை, அவற்றின் இடைவெளி மட்டுமே நீளும். இதனைக் கேட்டபொழுது எம் உள்ளம் வருந்திற்று. அன்றிரவு பிறர்க்குத் துன்பம் கூடாதென்று மூச்சடக்கி மெல்லப் புரண்ட நண்பரின் அன்பே அவ்வோசையை நீட்டித்தது.

இரண்டாங்குரல் 'கீச்' என்பது. இஃது உராய்வின் குரல். பாயின் அடித்துணி கூடாரத்தின் தரையோடும், மேற்றுணி பைப்போர்வையோடும் ஒட்டி ஒட்டி வழுகுதலால் எழுவது. பிடிலின் நரம்பை வில் பற்றிப் பற்றி விடுதலால் இசை பிறப்பது போல, இதுவும் பற்றி விடுதலாற் பிறப்பதே; இசை மட்டும் இல்லை.

மூன்றாங்குரல் 'தொம்' என்பது. காற்றை விறைப்பாக நிரப்பிய பாய் தோல் கட்டிய பறை போன்றது. முழங்கை பட்டாலும் முழங்கும். ஏனைய இரு குரல்களையும் தன் வயிற்றில் வாங்கிப் பெருக்கியும் காட்டும். காற்றைச் சிறிது தளர்த்திய அளவில் அது பெரிதும் அடங்கிற்று.

நோய் மூன்றாயின் மருந்தும் மூன்றாதல் வேண்டும். எளிய மருந்தினை முதற்கண் கூறுவோம்.

காற்றின் அளவை அறிந்து நிரப்புதல் முதலாவது. கல்லைப் போல விறைக்க ஊதுதல் வேண்டா. நிரப்பியபின் ஒருக்களித்துப் படுத்து, வால்வைச் சிறிது திறந்து, இடுப்புக்கும் தரைக்கும் நடுவே இரு விரல் இடம் எஞ்சுமளவும் காற்றை விடுதல் வேண்டும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வாயால் ஊதிய காற்று ஏறத்தாழ உடலின் வெப்பத்தை உடையது. அது 35 பாகையிலிருந்து 11 பாகைக்குக் குளிர்ந்தால், பருமனில் ஏறக்குறைய 8 விழுக்காடு சுருங்கும். பாய் ஓட்டையாயிற்று என்று நள்ளிரவில் கடையாளரை வைவார் பலர். ஓட்டை பாயில் இல்லை, குளிர்ச்சி காற்றில் உண்டு. ஆகலின் மாலையிலேயே ஊதி, குளிரவிட்டு, படுக்கும் வேளையில் அளவு பார்த்தல் நன்று. வாயால் ஊதாது பையால் நிரப்புதல் அதனினும் நன்று. மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடித்தற்கு இடமிராது.

பாயின் கீழும் மேலும் ஓர் இடைத்துணை இடுதல் இரண்டாவது. கீழே மெல்லிய நுரைத்தாள் ஒன்று போதும். எமக்கு உதவியது விடுதியில் பலரிடமும் உள்ள யோகாப் பாய். காற்றுப்பாய் அதன்மேல் வழுக்காது நிற்கும், தரையோடு உராயாது, கூர்ங்கல் குத்தாது, இரு பாய்களின் 'ஆர்' மதிப்பும் ஒன்றோடொன்று கூடுதலால் குளிரும் குறையும். மேலே பருத்தித்துணி வேண்டும். பழைய எட்டுமுழ வேட்டி ஒன்றை நான்காக மடித்துப் பாயின்மேல் விரித்து, நான்கு மூலைகளிலும் நாடாவால் கட்டினோம். நைலானோடு நைலான் உராய்ந்து எழுப்பிய கீச்சொலி அன்றே மறைந்தது; உள்ளிருந்து வரும் மொறமொறப்பும் வேட்டியின் மடிப்புக்குள் பெரும்பாலும் அடங்கிற்று. பருத்தி பனியில் நனைந்தால் எளிதில் உலராது என்பது ஒன்றே குறை. பகலில் வெயிலில் இடுதல் வேண்டும். சிலிக்கோன் பூசிய கூடாரத் தரையில் பாய் வழுக்கிச் செல்லுமாயின், சிலிக்கோன் பசையைத் தரையிற் புள்ளி புள்ளியாக இட்டு உலர்த்தி வைப்பது மலையேறுவோர் வழக்கம்.

புரளும் முறையை அறிதல் மூன்றாவது. மேலே கூறிய ஆராய்ச்சி காட்டுவது போல, மெல்ல ஊர்ந்து புரளுதல் பயனற்றது. முழங்காலை மடக்கி, உடலைச் சிறிது தூக்கி, ஒரே வீச்சில் புரண்டு அடங்கிவிட வேண்டும். எழும் ஓசை ஒரு நொடியில் தீரும். கேட்பவன் அரைத்துயிலில் அதனை மறப்பான். புதுப்பாய் நாளடைவில் பழகப் பழகச் சிறிது வாயடங்கும் என்றும் அதனைப் பயன்படுத்துவோர் கூறுவர்.

செவியை அடைத்துக்கொண்டால் தீராதோ எனச் சிலர் வினவலாம். நுரையாலான செவியடைப்பான் மலிவானது. ஓசையைப் பெரிதும் தடுப்பது. குறட்டை விடுவார் நடுவே கிடப்பார்க்கு அது வரப்பிரசாதம். ஆயினும் காட்டில் செவி என்பது காவலாள். காட்டுமாட்டின் காலடியும், மழைக்காற்றின் வருகையும், நோயுற்ற தோழனின் மெல்லிய அழைப்பும் செவி வழியே வருவன. கூடாரத்தில் ஒருவரேனும் செவி திறந்து கிடத்தல் வேண்டும். அன்றியும், செவியை அடைப்பது கேட்பவனுக்கு மருந்தேயன்றி, 'என்னால் இவர்க்குத் துன்பம்' என்று கூசிக் கிடப்பவனுக்கு மருந்தாகாது.

புதிதாக வாங்குவார்க்கும் ஒரு சொல். நடக்கும் தொலைவு சிறிதாயின் நுரையடைத்த பாயே அமைதியுடையது. மடக்கும் நுரைப்பாய்களுள் பெயர்பெற்ற ஒன்று 410 கிராம் எடையும் 2 என்னும் 'ஆர்' மதிப்பும் உடையது, அது பேசாது, ஆனால் இரண்டு சென்டிமீட்டர் தடிப்பே உடைமையால் இடுப்பு நோவாரைத் தாங்காது. 2023-இல் வெளிவந்த நியோஏர் எக்ஸ்லைட் என்.எக்ஸ்.டி. என்னும் காற்றுப்பாய் ஏறத்தாழ 370 கிராம் எடையும், 7.6 சென்டிமீட்டர் தடிப்பும், 4.5 என்னும் 'ஆர்' மதிப்பும் உடையது. முந்திய பாயினும் 83 விழுக்காடு ஓசை குறைந்தது என அதனை ஆக்கிய நிறுவனம் கூறிக்கொள்கின்றது. விற்பவன் சொல்லைச் செவியாற் சோதித்தபின் நம்புதல் அறிவுடைமை. கடையிற் பாயை ஊதச் சொல்லி, அதன்மேற் படுத்து, நாணமின்றி இருமுறை புரண்டு பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் உறுதி: பதினான்கு ஆண்டுகள் வாங்கியவர் முறையிட்ட பின்னரே அந்நிறுவனத்தின் பாய் வாயடங்கத் தொடங்கிற்று. முறையீடு வீண்போவதில்லை.

பிப்ரவரியில் மலைக்குச் சென்றபொழுது அந்நண்பரும் வந்தார். எளிதில் வந்தாரல்லர். எம் அறைக்கு அழைத்து, வேட்டி கட்டிய பாயின்மேல் அவரைப் படுக்கவைத்து, பௌதிக நண்பர் செவிகொடுத்துக் கேட்டு, "கதவுக்கு அப்பால் கேட்கவில்லை" என்று சான்று கூறிய பின்னரே இசைந்தார். அன்றிரவு கூடாரத்தில் ஓசை முற்றும் ஒழிந்ததோ எனின், இல்லை. கூர்ந்து கேட்பார்க்கு மெல்லிய சரசரப்பு ஒன்று இடையிடையே கேட்டது. உலர்ந்த இலைமேல் அணில் ஓடினாற் போல. ஆனால் அவர் மூச்சடக்கிக் கிடந்தாரல்லர். வலி எழுந்தபொழுது புரண்டார், புரண்டு உறங்கினார். அவர் அருகே படுத்தவர், முன்னர் அவரை அசையாமற் படுக்குமாறு கூறிய அம்மூத்த மாணவரே. காலையில் அவர், "இராத்திரி நீ புரளவே இல்லையா, தம்பி?" என வினவினார். "எத்தனை முறை என்று எண்ணவில்லை, அண்ணே" என்றார் நண்பர்.

இவற்றால் அறியப்படுவது யாது? பலர் கூடி வாழும் இடத்தில் ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்கு ஓசையாதல் இயல்பு. விடுதியில் விடியற்காலை எழுந்து உரக்கப் படிப்பானும், இரவெல்லாம் இருமும் நோயாளியும், ஊன்றுகோல் தட்டி நடப்பானும் ஓசை எழுப்புவரே. அவ்வோசை எழுங்கால் மூன்று வழிகள் நம் முன்னே கிடக்கின்றன. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது ஒன்று. அது சில நாளில் வெறுப்பாக முதிரும். ஓசைக்குரியவரை ஒதுக்கிவைப்பது மற்றொன்று. அதனால் உறக்கம் கிட்டும், தோழமை கெடும். ஓசை எங்கிருந்து எழுகின்றது எனச் செவிகொடுத்துக் கேட்டு, இயன்ற அளவு அதனைத் தணித்து, எஞ்சியதனை மனமுவந்து ஏற்பது மூன்றாவது. முதலிரண்டும் கேட்பவனைப் பற்றியே நினைப்பன. மூன்றாவது இருவரையும் நினைப்பது.

அம்மூன்றாம் வழிக்கு வேண்டுவன பெரும்பொருளுமல்ல, பேரறிவுமல்ல. ஒரு யோகாப் பாயும், ஒரு பழைய வேட்டியும், கேட்டற்கு மனமும் போதும். இவற்றுள் முதலிரண்டும் கடையிற் கிடைக்கும்.